ஊழியத்துக்குப் போகிறீர்கள், குளிசையை ஏன் ஒளிக்கிறீர்கள்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொழும்பிலிருந்து வந்த இரவு பஸ்ஸில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் ஒரு போதகர் என் அறைக்கு வந்தார். விமான நிலையத்தில் ஒட்டிய துண்டு பெட்டியில் அப்படியே இருந்தது. ஆறு வாரம் உகண்டாவில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியவர். "காலில் ஒரு சின்னக் காயம், டொக்டர். மருந்து கட்டிவிட்டால் போதும்" என்றார்.

கறுப்புச் சப்பாத்து, புத்தம் புதியது. பயணத்துக்கென்று சபையார் வாங்கிக் கொடுத்தது. கழற்றும்போதே வாடை வந்துவிட்டது. காலுறை பெருவிரலோடு ஒட்டிப்போயிருந்தது. உப்புநீரில் நனைத்து நனைத்து அதை உரித்தெடுக்க இருபது நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவர் முகம் ஒருமுறைகூடச் சுளிக்கவில்லை. அவர் வலியில் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்திருந்தன. இரத்தத்தில் சீனி 412.

பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர், காலையும் மாலையும் இன்சுலின் போடுகிறவர். "ஊசி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். தங்கியிருந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்ததாம். ஆனால் அதில் மருந்தை வைத்தால் கேள்வி வரும். இரவில் மேடையில் நோயாளிகள் மேல் கை வைத்து ஜெபிக்கிறவர், காலையில் தன் வயிற்றில் ஊசி குத்துவதை அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? முதல் வாரம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போட்டிருக்கிறார். பிறகு ஏழு நாள் உபவாச ஜெபம் அறிவித்தார்கள். அதோடு விட்டவர், திரும்பி வரும்வரை மருந்தைத் தொடவே இல்லை.

இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. "எழுதுங்கள் டொக்டர், என் பெயர் மட்டும் வேண்டாம்" என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன்.

அவர் ஒருவர் மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். ரொறன்ரோவுக்குப் பெண்கள் கூட்டங்கள் நடத்தப் போன ஒரு சகோதரி, பிரஷர் குளிசை முடிந்தபோது வீட்டுக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வாய் ஒருபக்கம் கோணித் திரும்பினார். வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டுப் போன ஓர் இளைஞன் பிரசங்க மேடையிலேயே விழுந்தான். கூடியிருந்தவர்கள் அதைப் பிசாசின் வேலை என்று சொல்லி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோகாமல் விடியும்வரை ஜெபித்தார்கள். ஆள் வேறு, ஊர் வேறு, ஒளிப்பு ஒன்றுதான். "நானே நோயாளி என்று தெரிந்தால் என் பிரசங்கத்தை யார் கேட்பார்கள்?" இந்தக் கேள்வியை என் அறையில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இன்றைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நானும் விசுவாசிதான். மெதடிஸ்த வீட்டில் வளர்ந்தவள், ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவள். ஆகையால் நீங்கள் கையில் வைத்திருக்கும் வேதத்திலிருந்தே பேசுகிறேன். கலாத்தியருக்குப் பவுல் என்ன எழுதினார்? சரீர பலவீனத்தோடுதான் முதன்முதலில் உங்களுக்குப் பிரசங்கித்தேன், அதற்காக நீங்கள் என்னை அசட்டை செய்யவில்லை, தேவதூதனைப் போல ஏற்றுக்கொண்டீர்கள் என்று எழுதினார். நோயை ஒளித்துவிட்டுப் பிரசங்கித்தேன் என்று எழுதவில்லை. தன் மாம்சத்தில் இருந்த முள்ளைப் பற்றி மூன்றுதரம் வேண்டிக்கொண்டதையும், அது எடுக்கப்படாததையும் கொரிந்து சபைக்குத் தானே எழுதினார். அவர் கை வைத்து மெலித்தா தீவில் புபிலியுவின் தகப்பனுடைய காய்ச்சல் நீங்கியது. அதே பவுல்தான் தன்னோடு பயணித்த துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்தார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். விசுவாசத்தைக் கூட்டிக்கொள் என்று கடிந்துகொள்ளவில்லை. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து ஆண்டு ஆயுள் கூட்டிக் கொடுக்கப்பட்டது. ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லித்தான் பிளவையின் மேல் பற்றுப்போட வைத்தார். பவுலோடு கப்பலேறிய லூக்கா யார்? வைத்தியர். சுவிசேஷம் எழுதிய கை அது. இத்தனைக்கும் பிறகு, நீரிழிவுக்கு ஒரு மெட்போமின் குளிசையை விழுங்கினால் விசுவாசம் குறைந்துவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

லிவிங்ஸ்டன் வைத்தியராகவும் மிஷனரியாகவும் ஆப்பிரிக்காவுக்குப் போனவர். மனைவி மேரியை 1862இல் சாம்பேசிக் கரையில் மலேரியாவுக்குப் பறிகொடுத்தவர். 1867 ஜனவரியில் சுமைகாரர் ஒருவர் அவருடைய மருந்துப் பெட்டியோடு ஓடிவிட்டார். தனக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதுபோல் இருக்கிறது என்று அன்று நாட்குறிப்பில் எழுதினார். 1873இல், இன்றைய சாம்பியாவில், கட்டிலருகே முழங்காலிட்டபடியே அவர் இறந்துகிடந்ததை அவருடைய ஆட்கள் கண்டார்கள். ஜெபத்திலேயே உயிர்விட்ட அந்த மனிதர் மருந்துப் பெட்டிக்காக எப்படிக் கலங்கினார் என்று பாருங்கள். நம்மவர்கள் இன்சுலினைக் கையில் வைத்துக்கொண்டே போடாமல் விடுகிறார்கள்.

நம் கிழக்குக்கு வந்தவர்களை நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது. மெதடிஸ்த மிஷனரித் தலைவர் தோமஸ் கோக் இலங்கைக்கென்று ஆட்களைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி, 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்தார். உடலைக் கடலில்தான் இறக்கினார்கள். அவருடன் வந்த வில்லியம் ஓல்ட், மனைவியைக் கப்பலிலேயே பறிகொடுத்துவிட்டு மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். ஓராண்டுகூட ஆகவில்லை, 1815இல் அவரும் போய்விட்டார். அவர்களுக்குக் கிடைக்காதது நமக்கு ஒவ்வொரு மாதமும் கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரை அனுப்பியதும் மிஷன்தான். மருந்தும் நற்செய்தியும் நம்மிடம் ஒரே கப்பலில் வந்தன. இடையில் இந்தப் பகையை யார் மூட்டினார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜெபத்தில் குணமாகிவிட்டதாக நம்புகிறீர்களா? வாருங்கள், இரத்தம் எடுத்துப் பார்ப்போம். சீனி இறங்கியிருந்தால் உங்களோடு சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு நானே மருந்தைக் குறைப்பேன். பரிசோதனை செய்யாமல் மேடையில் சாட்சி மட்டும் சொல்லாதீர்கள். உங்கள் சாட்சியைக் கேட்டுத் தங்கள் குளிசையைக் குப்பையில் போடுகிறவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள்.

இனிப் பயணத்துக்கு வருவோம். டிக்கெட் போட்ட அன்றே வைத்தியரிடம் வாருங்கள், பஸ் ஏறும் நாளில் அல்ல. ஆறு வாரமாவது வேண்டும். கிளினிக்கில் ஒரு மாத மருந்துதான் தருவார்கள் என்றால், மீதியை எப்படிச் சேர்ப்பது என்று யோசிக்க நேரம் வேண்டாமா? மருந்துகளின் கம்பனிப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. மூலப்பெயரை ஆங்கிலத்தில் எழுதி, ஒப்பமிட்ட கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாக் குளிசைகளையும் ஒரே பொலித்தீன் பைக்குள் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் கவனம்: ட்ரமடோல், கோடீன் போன்ற வலிமருந்துகளை முன் அனுமதியில்லாமல் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் கொண்டுபோவது குற்றம். முதுகுவலிக்கு எழுதித் தந்ததுதானே என்று அங்கே வாதாட முடியாது.

மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெட்டிக்குள் வைத்து விமானத்தின் அடியில் போடாதீர்கள், உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் இளகினாலும் உதவாது, எறிந்துவிட வேண்டியதுதான். மின்சாரமில்லாத கிராமத்தில் தங்கப் போகிறீர்களா? ஈர மணலில் வைத்த மண்பானை போதும். நம் பாட்டிமார் தண்ணீரைக் குளிர வைத்த முறைதான் அது. கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்று நீங்களே கணக்குப் போடாதீர்கள், கேளுங்கள்.

இன்சுலின் போடுகிறவருக்கு ஏழு நாள் தண்ணீர் உபவாசம் கிடையாது. இதில் பேரம் பேச வராதீர்கள்.

புதுச் சப்பாத்தைப் பயணத்தில் முதன்முதலாகப் போடாதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி, வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள். இரவில் படுக்குமுன் ஒரு சிறு கண்ணாடியை நிலத்தில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். ஜெப வீட்டில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் காலுறையோடு இருங்கள். நிலாவெளி மணலில் வெறுங்காலோடு ஓடித் திரிந்த கால் இல்லை இது இப்போது.

ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் உள்ளூரிலேயே தொடர்ந்து பரவும் மலேரியா 2012க்குப் பிறகு இல்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று தந்தது. நம்மைக் கடிக்கும் நுளம்பு இன்னும் இருக்கிறது, கிருமி மட்டும்தான் இல்லை. அதைக் கொண்டுவருகிறவர் நீங்களாக இருக்கக் கூடாது. தடுப்புக் குளிசையைச் சுகாதார அமைச்சின் மலேரியா தடுப்புப் பிரிவு இலவசமாகத் தருகிறது. எந்தக் குளிசை என்பதைப் பொறுத்துப் புறப்படுமுன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் சொன்ன நாள்வரை போட வேண்டும். காய்ச்சல் என்று வந்தால் நாங்கள் முதலில் டெங்குவைத்தான் நினைப்போம். இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளி ஒருவரைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆகவே, திரும்பி வந்து மாதங்கள் கடந்திருந்தாலும், வாய் திறந்து முதலில் சொல்ல வேண்டியது "நான் ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதைத்தான். உகண்டா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும், ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அது செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களும் ஸ்டீரொய்ட் எடுப்பவர்களும் அந்த ஊசிக்கு முன் வைத்தியரிடம் கட்டாயம் பேச வேண்டும்.

காப்புறுதி எடுக்கும்போது உள்ள வருத்தங்களை எல்லாம் எழுதுங்கள். மறைத்தால் ஒரு சதமும் வராது.

சபையாருக்கும் ஒரு வேண்டுகோள். போதகரை வழியனுப்ப இரவு பஸ் நிலையத்துக்கு நாற்பது பேர் போகிறீர்கள். பயற்றம் பணியாரம் கட்டிக் கொடுக்கிறீர்கள், பஸ் படியில் நின்று ஜெபிக்கிறீர்கள். எத்தனை அன்பு! அந்த நாற்பது பேரில் ஒருவர், ஒரே ஒருவர், "ஐயா, மருந்து எடுத்தீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். டிக்கெட்டுக்குக் காணிக்கை சேர்க்கும்போது காப்புறுதிக்கும் சேர்த்துச் சேருங்கள். அவர் குளிசை போடுவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஒரு கோப்பை தண்ணீர் கொடுங்கள். நீங்கள் பார்க்கும் பார்வைக்குப் பயந்துதான் அவர் ஒளிக்கிறார்.

அந்தப் போதகர் இப்போது ஒன்றுவிட்ட ஒரு நாள் புண்ணுக்கு மருந்து கட்ட வருகிறார். மனைவியும் கூட வருவார். குளிசைகளின் பெயரும் நேரமும் அவருக்குத்தான் மனப்பாடம். அடுத்த ஆண்டு மறுபடியும் போக அழைப்பு வந்திருக்கிறது. போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போன வியாழக்கிழமை, தன்னை அழைத்தவர்களுக்கு எழுதிய கடிதத்தின் தமிழ்ப் பிரதியைக் கொண்டுவந்து, சரியா என்று பார்க்கச் சொன்னார். "எனக்கு நீரிழிவு இருக்கிறது. காலையும் மாலையும் ஊசி போட வேண்டும். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும்" என்று எழுதியிருந்தார். சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது என்று ஒரு வரி மட்டும் சேர்த்துக் கொடுத்தேன்.