ஒரு மீட்டர் பேச்சுக்கு எதற்கு ஆயிரம் மீட்டர் இன்டர்காம்?

வண்டி ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள மாட்டும் கருவிதான் இன்டர்காம். அதை மாட்டுகிறேன் என்று இந்த சீசனிலும் பைக்கில் வருபவர்கள் அதே வேலையைச் செய்துகொண்டு வருகிறார்கள். ஹெல்மெட்டின் உள்ளே காது வரும் இடத்தைக் கத்தியால் சுரண்டி, ஸ்பீக்கரை அமுக்கிச் செருகிக்கொண்டு குன்னூர் ஏறி வந்து, "சத்தம் சரியாகக் கேட்கவில்லை, கொஞ்சம் பாருங்கள்" என்று நீட்டுகிறார்கள். சத்தத்தை அப்புறம் பார்க்கலாம். தெர்மோகோல் மாதிரி இருந்து அடியைத் தாங்கும் அந்த அடுக்கைச் சுரண்டிய ஹெல்மெட்டை இனி யாரும் தலையில் போடக் கூடாது. டிரில் போட்டு ஸ்க்ரூ இறக்கியதற்கும் இதே பதில்தான்.

விலை குறைந்த இன்டர்காம் வாங்குவதில் தவறில்லை. எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ரேஞ்ச் எவ்வளவு?"

ஒரே வண்டியில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இரண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இருக்காது. அந்தப் பேச்சுக்கு 1000 மீட்டர் ரேஞ்ச் எதற்கு? பெட்டியில் அச்சடித்திருக்கும் அந்த எண், ஒன்றையொன்று நேராகப் பார்க்கிற மாதிரி, நடுவில் எந்தத் தடையும் இல்லாத வெட்டவெளியில் கிடைப்பது. இந்தக் கருவிகள் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பாறையையும் மண்மேட்டையும் அது துளைத்துப் போகாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் போகும் வண்டி ஒரு வளைவு திரும்பிவிட்டால் நடுவில் மலையே வந்து நிற்கிறது. அங்கே 500 மீட்டர் செட்டும் அறும், 1000 மீட்டர் செட்டும் அறும். நாலைந்து வண்டிகள் சேர்ந்து போகும் குழுவுக்கு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சைக் கடத்திக் கொடுக்கும் மெஷ் வகை ஓரளவு உதவும். அதன் விலையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். கணவன் மனைவி ஒரே வண்டியில் கோத்தகிரி போய் வர அது தேவையே இல்லை. ஒரு மீட்டரிலேயே விட்டு விட்டுக் கேட்கிறதென்றால் ரேஞ்சைக் குறை சொல்லாதீர்கள். சார்ஜ் இறங்கியிருக்கும், அல்லது மைக் பிளக் முழுதாக உள்ளே போயிருக்காது. இரண்டும் சரியாக இருந்தால் செட்டே பழுது, மாற்றிக் கேளுங்கள்.

அடுத்த குழப்பம் 'நாய்ஸ் கேன்சலேஷன்'. பெரும்பாலான ஹெல்மெட் இன்டர்காமில் அது மைக்கின் வேலை. உங்கள் வாயருகே அடிக்கும் காற்றுச் சத்தத்தை வடிகட்டி, பேச்சை மட்டும் மற்றவருக்கு அனுப்பும். உங்கள் காதில் விழும் காற்றை அது குறைக்காது. குறைக்கிறேன் பேர்வழி என்று இரண்டு காதிலும் இயர்போனைச் செருகி அதன்மேல் ஹெல்மெட் மாட்டுவது மலையில் செய்யவே கூடாத காரியம்.

ரேஞ்சுக்குப் போகிற பணம் மைக்குக்குப் போகட்டும். வாய் மூடிய ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுக்கு ஒயரில் வரும் சின்ன பட்டன் மைக். முகம் திறந்த ஹெல்மெட்டுக்கும், தாடைப் பகுதியைத் தூக்கும் வகைக்கும் தண்டு மைக். இரண்டும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஒரே வகை ஹெல்மெட் போடுவது அபூர்வம். ஒரே மாடலில் ஜோடியாக வாங்குங்கள். வேறு வேறு கம்பெனி செட்களைச் சேர்க்கலாம் என்பார்கள். பல செட்கள் அடுத்ததைத் தொலைபேசி என்று நினைத்துக்கொண்டுதான் இணைகின்றன, அப்போது உண்மையான போனின் இணைப்பு போய்விடக்கூடும்.

இன்னொன்றை அவசியம் விசாரியுங்கள்: லைன் எப்போதும் திறந்திருக்குமா, பேசினால்தான் திறக்குமா? குரல் கேட்டுத் திறக்கும் வகையில் முதல் சொல் விழுங்கப்படும். பின்னாலிருந்து "பஸ்!" என்று கத்தினால் முன்னால் ஒன்றும் கேட்காது. அந்த வகைதான் கையில் இருக்கிறது என்றால், "ஏங்க, பஸ்" என்று பழகிக்கொள்ளுங்கள். 'ஏங்க' போனாலும் 'பஸ்' போய்ச் சேரும்.

பொருத்தும்போது கன்னத்து பேடைக் கழற்றுங்கள். காதுக்கென்று ஒரு பள்ளம் இருக்கும். ஸ்பீக்கர் அந்தப் பள்ளத்துக்குள், காதுத் துளைக்கு நேராக, வெல்க்ரோவில் உட்கார வேண்டும். இரண்டு விரல் தள்ளிப் போனால் பாதிச் சத்தம் காணாமல் போகும். "சத்தம் போதவில்லை" என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் கோளாறு. ஆழம் அதிகமாக இருந்தால் பின்னால் ஸ்பாஞ்ச் வைத்து முன்னே கொண்டுவரலாம். பள்ளமே இல்லாத, காதை அழுத்துகிற ஹெல்மெட் என்றால் அதில் இன்டர்காம் வேண்டாம், அவ்வளவுதான். தண்டு மைக்கில் அம்புக்குறியோ புள்ளியோ இருந்தால் அந்தப் பக்கம் உதட்டைப் பார்க்க வேண்டும், ஸ்பாஞ்ச் உறை உதட்டை ஏறக்குறையத் தொட வேண்டும். பனிமூட்டத்திலும் மூச்சிலும் அந்த உறை நனைந்துவிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும், கழற்றிப் பிழிந்து காயவையுங்கள்.

கருவியை ஹெல்மெட் விளிம்பில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் பொருந்தாமல் ஒட்டும் பட்டையில் மாட்டுவதானால், ஊட்டியின் காலைக் குளிரில் ஒட்டாதீர்கள். 15 டிகிரிக்குக் கீழே அந்தப் பசை சரியாகப் பிடிக்காது. சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெதுவெதுப்பான அறைக்குள் அரை நிமிடம் அழுத்திப் பிடித்து ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். பெட்ரோல், தின்னர், இன்ஸ்டன்ட் பசை எதுவும் ஹெல்மெட் ஓட்டில் படக் கூடாது.

ஜூன், ஜூலையில் கூடலூர், நடுவட்டம் பக்கம் மழை, ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை. தூசியும் தண்ணீரும் புகாமல் தாங்கும் அளவைச் சொல்லும் குறியீடு ஐ.பி. பெட்டியில் ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும், ஆனால் சார்ஜ் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக மூடியிருந்தால்தான். நனைந்து வந்து இறங்கிய கையோடு சார்ஜரைச் சொருகாதீர்கள், துளை உள்ளே பச்சை பூத்துவிடும். தை மாதத்தில் உறைபனி விழும் இரவுகளில் ஹெல்மெட்டை வண்டியிலேயே விட்டுவிட்டு, காலையில் அதே குளிரில் சார்ஜ் போடுவது பேட்டரிக்கு ஆகாது. அறைக்குள் எடுத்து வைத்து, குளிர் விட்ட பிறகு போடுங்கள்.

வால்யூமை ஓடும்போது ஏற்றாதீர்கள். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும். அந்த வண்டி வருவதை வளைவுக்கு இந்தப் பக்கம் சொல்வது ஹார்ன் மட்டுமே. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது பர்லியார் தாண்டியதும் பாட்டை நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து. புறப்படும் முன் இருவரும் ஹெல்மெட் மாட்டி, வைசரை இறக்கி, இன்ஜின் ஓட, பேசிக்கொண்டே இருங்கள். இன்னொருவரைப் பதினைந்தடி பின்னால் நின்று ஹார்ன் அடிக்கச் சொல்லுங்கள். பேச்சுக்கு நடுவே அது தெளிவாகக் கேட்கும்வரை வால்யூமைக் குறையுங்கள்.