பெரிய வீட்டில் இருப்பவருக்கும் பசிக்கும்: 35 கிலோ அரிசி அட்டையைக் கேட்டுப் பெறுவது எப்படி

காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டு ஊர்களில், கணவரை இழந்து, பேரப்பிள்ளைகள் இருவரை வைத்துக் காப்பாற்றும் அப்பத்தாக்கள் பலரை எனக்குத் தெரியும். ரேஷன் கடையில் பெரியவருக்கு ஓர் அலகு, பிள்ளைக்கு அரை அலகு என்று மொத்தம் இரண்டு அலகுக் கணக்கில் அவர்களுக்கு மாதம் 16 கிலோ அரிசி வருகிறது. மாதக் கடைசியில் கோயில் அன்னதானத்தையும் அக்கம்பக்கத்தாரையும் எதிர்பார்த்து நிற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 35 கிலோ இலவச அரிசி பெறத் தகுதியுள்ளவர்கள். அதை எந்த அலுவலகமும் தானாக முன்வந்து அவர்களிடம் சொல்லவில்லை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் வந்தது. தமிழ்நாட்டில் 2016 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அரிசி அட்டைகளில் மூன்று வகை உண்டு: முன்னுரிமையற்ற அட்டை, முன்னுரிமை அட்டை, மிக வறிய குடும்பங்களுக்கான அந்தியோதயா அன்ன யோஜனா அட்டை. அட்டையின் முகப்பிலேயே அந்தக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். ‘என்பிஎச்எச்’ என்றிருந்தால் முன்னுரிமையற்றது. ‘பிஎச்எச்’ என்றால் முன்னுரிமை. அதனுடன் ‘ஏஏஒய்’ சேர்ந்திருந்தால் ஆள் எண்ணிக்கை எதுவானாலும் மாதம் 35 கிலோ. முதலில் அட்டையைக் கையில் எடுத்து இதைப் பாருங்கள். கணவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் முகவரிச் சான்றுக்காக மட்டும் பொருளில்லா அட்டை வாங்கி வைத்து, இன்று அதே அட்டையுடன் கடைவாசலில் திரும்பி அனுப்பப்படும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் அட்டை வகையை மாற்றக் கோரி வட்ட வழங்கல் அலுவலருக்கு மனுச் செய்ய வேண்டும்.

இனி இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். கைம்பெண்ணைத் தலைவராகக் கொண்ட குடும்பம், நிலமற்ற கூலித் தொழிலாளி, ஆதரவும் நிலையான வருமானமும் இல்லாத 60 வயது கடந்தவர், மாற்றுத்திறனாளி ஆகியோர் அந்தியோதயா பட்டியலுக்கு உரியவர்கள். ஆனால் கள ஆய்வுக்கு வருபவர் வீட்டின் முகப்பையும் வளவையும் (உள்முற்றம் சூழ்ந்த பகுதி) பார்த்தவுடன் முடிவெடுத்துவிடுகிறார். “இவ்வளவு பெரிய வீட்டுல இருந்துக்கிட்டு அரிசி கேக்குறீங்களே ஆச்சி” என்று ஒருவர் கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அந்த ஆச்சிக்கு அவ்வீட்டில் இருந்தது பங்காளிகள் விட்டுவைத்த ஓர் அறையும் அதன் வாசலில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும்தான். 2017-இல் அரசு வகுத்த விலக்கு விதி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அறைகள் கொண்ட கான்கிரீட் வீடுடைய குடும்பத்துக்கு முன்னுரிமை இல்லை என்கிறது. செட்டிநாட்டுப் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும் பர்மாத் தேக்கும் ஓடும் கொண்டு கட்டப்பட்டவை; வெளியூரில் இருக்கும் உரிமையாளருக்காக அவற்றுள் காவலுக்குக் குடியிருப்பவருக்கோ அந்த வீட்டில் உரிமையே கிடையாது. ஆகவே மனுவிலேயே, வீடு யாருடையது, தாம் எந்த அறையில் எந்த முறையில் குடியிருக்கிறோம், கூரை எத்தகையது என்பவற்றைத் தெளிவாக எழுதிவிடுங்கள். ஆய்வாளர் வந்த பிறகு வாயால் விளக்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம், ஏனெனில் அவர் எழுதும் ஒரு வரிதான் கோப்பில் நிற்கும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மின்கட்டண ரசீது சென்னையிலோ மலேசியாவிலோ இருக்கும் உரிமையாளர் பெயரில் இருக்கும். தம் பெயரில் ரசீது இல்லாமல் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வாக்காளர் அடையாள அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் முகவரிச் சான்றாக ஏற்கத்தக்கவையே. தனிச் சமையல் நடக்கிறதா என்பதையும் ஆய்வில் பார்ப்பார்கள். மகன் வீட்டின் பின்கட்டில் தனியே பொங்கிச் சாப்பிடும் தாய், முதலில் மகனின் அட்டையிலிருந்து தம் பெயரை நீக்கிய பிறகே தனி அட்டை கேட்க முடியும். அந்த நீக்கத்துக்கான ஓடிபி, பதிவான கைபேசி எண்ணுக்குத்தான் போகும். இறந்துபோன கணவரின் எண்ணே இன்னும் பதிவில் இருந்தால், வேறெதற்கும் முன்னதாக அந்த எண்ணை மாற்றுங்கள்.

செட்டிநாடு இரு மாவட்டங்களில் கிடக்கிறது என்பதால் வரும் அலைச்சல் தனி. கானாடுகாத்தானும் பள்ளத்தூரும் சிவகங்கை மாவட்டம்; கோனாபட்டும் இராயவரமும் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் வட்டம். பொருளை மாநிலத்தின் எந்தக் கடையிலும் வாங்கலாம். ஆனால் அட்டைத் திருத்தமும் வகை மாற்றமும் அட்டையிலுள்ள முகவரிக்குரிய வட்டத்தில்தான் நடக்கும். பஸ் வசதியை நம்பி இராயவரத்துக்காரர் காரைக்குடி அலுவலகத்தில் கால்கடுக்க நின்றால், வேலை நேரம் முடியும் தறுவாயில்தான் “இங்கே இல்லை” என்ற பதில் வரும்.

விரல் ரேகை பதியவில்லை என்று அரிசி மறுப்பது, ஆயுள் முழுக்கச் சித்தாள் வேலையும் களையெடுப்பும் செய்து ரேகை தேய்ந்தவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி. ஆதார் இணைப்பு இல்லை, இயந்திரம் ஏற்கவில்லை என்ற காரணங்களுக்காக எவருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என்று ஒன்றிய அரசு 2017 அக்டோபர் 24 அன்றே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. கருவிழிப் பதிவைக் கேளுங்கள். நடமாட முடியாத முதியவரும் மாற்றுத்திறனாளியும் தமக்காகப் பொருள் வாங்க ஒருவரை நியமிக்கும் அங்கீகாரப் படிவம் கடையிலேயே கிடைக்க வேண்டும். படிவம் தீர்ந்துவிட்டது என்றால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். முன்னுரிமை, அந்தியோதயா அட்டைகளில் உள்ள அனைவரும் ரேகை வைத்துத் தம் விவரத்தை உறுதி செய்ய வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். திருப்பூரில் வேலை செய்யும் மகன் அதற்காக ஊருக்கு வரத் தேவையில்லை, அங்குள்ள கடையிலேயே செய்யலாம்.

கடையில் சோப்பும் தேயிலையும் வாங்கினால்தான் பருப்பு என்று கட்டாயப்படுத்தினால் மறுத்துவிடுங்கள். அதற்கு விதியில் இடமில்லை. வாங்காத பொருளுக்குக் குறுஞ்செய்தி வந்தால் அதை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1967 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கு மாதம் 4 கிலோ அரிசி தனியே உண்டு. சத்துணவு மையத்தில் சாப்பிடுபவருக்கு அது 2 கிலோ. பணம் மட்டும் வந்து அரிசி வராதவர்கள் கேட்க வேண்டும்.

அந்தியோதயா அட்டை கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “கோட்டா முடிந்துவிட்டது” என்பதே. மாநிலத்துக்கு உச்சவரம்பு இருப்பது உண்மைதான். ஆனால் இறந்தவர்களின் இடமும் தகுதியற்றவர்கள் நீக்கப்பட்ட இடமும் காலியாகிக்கொண்டே இருக்கின்றன, அவை மனுக் கொடுத்துப் பதிவில் இருப்பவருக்குத்தான் வரும். எனவே வாய்ச்சொல்லைக் கேட்டுத் திரும்பாதீர்கள். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் குறைதீர் முகாமிலோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்திலோ எழுத்தில் மனுக் கொடுத்து, ஏற்புச் சீட்டை வாங்கிய பிறகே வாசலைக் கடந்து வெளியே வாருங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், இன்ன தேதியிட்ட என் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கள ஆய்வு அறிக்கையின் நகலைத் தருக என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். ஆய்வாளர் உங்கள் வீட்டைப் பற்றி என்ன எழுதினார் என்பது அப்போதுதான் உங்கள் கைக்கு வரும், அடுத்த மேல்முறையீட்டை அந்த வரியிலிருந்தே தொடங்கலாம்.