அகதியா, ஏதிலியா?

'ரெஃப்யூஜி' என்ற சொல்லுக்குத் தமிழ் கேட்டால் யாரும் யோசிக்காமல் அகதி என்பார்கள். சரி, அகதி எங்கிருந்து வந்தது? 'கதி' வடமொழிச் சொல். போக்கு, புகலிடம் என்று பொருள்; 'நீயே கதி' என்கிறோமே, அந்தக் கதிதான். முன்னால் 'அ' சேர்ந்ததும் கதியற்றவர் ஆகிவிடுகிறார். 'அகதிக்கு ஆகாயம் துணை' என்ற பழமொழியில் நாடு, எல்லை என்ற பேச்சே கிடையாது. ஆதரவற்றவர், அவ்வளவுதான்.

ஜெர்மன்காரர்கள் 'ஃப்ளூக்ட்லிங்' என்பார்கள், டேனிஷ்காரர்கள் 'ஃப்ளுக்ட்னிங்'. இரண்டுக்கும் தப்பி ஓடியவர் என்றுதான் பொருள். இந்த இரண்டு சொற்களும் நேருக்கு நேர் நின்ற இடம் 1945-இன் டென்மார்க்.

அந்த ஆண்டு பிப்ரவரி முதல் மே வரை, சோவியத் படைக்குப் பயந்து, அப்போது ஜெர்மனியின் கிழக்கு மாகாணங்களாக இருந்த கிழக்குப் பிரஷ்யா, பொமரேனியா பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 2,50,000 ஜெர்மானியர்கள், பெரும்பாலும் கப்பலில், டென்மார்க்கில் வந்து இறங்கினார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே அப்போது 40 லட்சம்தான். வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். ஆனால் 1940-இலிருந்து டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்ததும் ஜெர்மனிதானே! மே 5 அன்று விடுதலை கிடைத்த பிறகு இவர்களை முள்வேலி முகாம்களில் அடைத்துக் காவல் போட்டார்கள். டேனிஷ் மக்கள் இவர்களோடு பேசிப் பழகவும் தடை. ஓக்ஸ்போல் முகாமில் மட்டும் 35,000 பேர். அதற்குள்ளேயே பள்ளிக்கூடம், மருத்துவமனை, நாடகக் கொட்டகை, சொந்த மேயர் என்று ஓர் ஊரே நடந்தது. வேலிக்கு வெளியேதான் போக முடியாது.

1945-இல் மட்டும் 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் ஏறக்குறைய 7,000 பேர் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். பயணத்தின் களைப்பு, பட்டினி, தொற்றுநோய் எல்லாம் காரணம். கூடவே, அந்த வசந்தத்தில் டேனிஷ் மருத்துவர் சங்கம் சிகிச்சை தர மறுத்ததும் பெரிய காரணம் என்று ஆய்வாளர் ஒருவர் எழுதப்போய், அங்கே பெரிய வாக்குவாதமே நடந்தது.

இன்னொரு வேடிக்கை, வேடிக்கை என்று சொல்லலாமா தெரியவில்லை: 1946-இல் உருவான சர்வதேச அகதிகள் அமைப்பின் சாசனம் ஜெர்மானிய இனத்தவரை அகதி என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. கதியற்றுப் போனவருக்கு அந்தப் பெயரும் இல்லை.

இங்கேதான் 'ஏதிலி' நினைவுக்கு வருகிறது. ஈழத்து எழுத்தில் அதிகம் புழங்கும் தனித்தமிழ்ச் சொல் இது. இன்று அகதி என்ற பொருளில் எழுதுகிறோம். பழைய தமிழில் 'ஏதிலார்' என்றால் நமக்குச் சம்பந்தமில்லாத அயலார். சில இடங்களில் பகைவரும் கூட. 'ஏதிலார் குற்றம்போல்' என்று குறள் சொல்வது அடுத்தவர் குற்றத்தைத்தான். அகதி என்ற சொல் வந்தவரின் நிலையைச் சொல்கிறது. ஏதிலி, அவரை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவரின் கண்ணையும் சேர்த்துச் சொல்கிறது. பொது எழுத்துக்கு அகதியே போதும், எல்லோருக்கும் புரியும். ஆனால் டென்மார்க்கில் அடைபட்டிருந்த ஜெர்மானியர்களைப் பற்றி எழுதினால் நான் ஏதிலி என்றுதான் எழுதுவேன்.

கடைசி ஜெர்மானியர்கள் 1949 பிப்ரவரியில் டென்மார்க்கை விட்டுப் போனார்கள். ஓக்ஸ்போல் முகாமின் பழைய மருத்துவமனைக் கட்டடங்கள் 2022 முதல் அருங்காட்சியகமாக இருக்கின்றன. பெயர் 'ஃப்ளுக்ட்'. தமிழில், தப்பியோட்டம்.