மீத்திறன்: எதில்?

மலேசியாவின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊர் 2007-ஆம் ஆண்டுவரை பத்தாங் பெர்ஜுந்தை. அதன்பின் பெஸ்தாரி ஜெயா. பெஸ்தாரி என்னும் மலாய்ச் சொல் பரந்த அறிவும் நல்ல கல்வியும் வாய்த்த நிலையைக் குறிக்கும். ஊர்ப் பெயர்ப்பலகையிலேயே அறிவு ஏறி நிற்கிறது. ஆனால் வயதுக்கு மிஞ்சிய ஆற்றலுள்ள ஒரு பிள்ளையை எந்தத் தமிழ்ச் சொல்லால் குறிப்பது என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழும்போதெல்லாம் நாங்கள் தடுமாறியிருக்கிறோம். மூத்தவர்கள் கெட்டிக்காரப் பிள்ளை என்பார்கள். மேடைப் பழக்கம் உள்ளவர்கள் மேதை என்பார்கள். மலாய்ச் சுற்றறிக்கையைக் கையில் வைத்திருப்பவர் ‘பிந்தார் செர்டாஸ்’ என்பார். கல்லூரியிலிருந்து புதிதாக வந்த ஆசிரியை ‘கிஃப்டட்’ என்பார். இந்த நான்கும் ஒரே பொருளைத் தரும் சொற்கள் அல்ல.

கிஃப்டட் என்பது கொடுத்தல் என்னும் வினையின் வழியில் வந்த ஆங்கிலச் சொல். கிஃப்ட் என்றால் கொடுக்கப்பட்டது, அதாவது கொடை. (இதே சொல் ஜெர்மன் மொழியில் நஞ்சைக் குறிக்கிறது, அங்கும் முதற்பொருள் ‘கொடுக்கப்பட்டது’தான்.) இயற்கையோ இறைவனோ கொடுத்த ஆற்றலை உடையவர் என்ற பொருளில் 17-ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிய இச்சொல்லை, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உளவியலாளர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குரிய கலைச்சொல்லாக்கினர். அவர்களுள் லூயிஸ் டெர்மன் 1921-இல் கலிஃபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வின் வழியே 1,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய வாழ்க்கையைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அந்தத் தேர்வை எழுதியும் உரிய மதிப்பெண் பெறாமல் விடுபட்ட சிறுவர்களில் வில்லியம் ஷாக்லி 1956-இலும் லூயிஸ் ஆல்வரெஸ் 1968-இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்வு அளந்தது ஒன்று, பிள்ளைகளிடம் இருந்தது வேறொன்று. இதை உணர்ந்த பின்னாளைய அறிஞர்கள் சொல்லின் பொருளை விரித்தார்கள். அவர்களுள் ஜோசஃப் ரென்சுல்லி, 1978-இல், சராசரிக்கு மேற்பட்ட திறமை, படைப்பாற்றல், எடுத்த வேலையில் ஊன்றி நிற்கும் பற்று ஆகிய மூன்றும் கூடும் இடத்தையே அச்சொல் குறிக்க வேண்டும் என்றார்.

கிஃப்டட் என்பதை அப்படியே பெயர்த்து ‘வரம் பெற்ற குழந்தை’ என்று எழுதுவோர் உண்டு. வரம் என்று சொல்லிவிட்டால் கொடுத்தவருக்கு நன்றி சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. பள்ளி செய்ய வேண்டியது எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை. மேதை வடமொழி வழி வந்த சொல். செயற்கரிய செய்து முடித்தவரை நாம் மேதை என்கிறோம். அந்தச் சுமையை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயம் அன்று. கெட்டிக்காரன் நம் தோட்டத்து நாவில் ஊறிய நல்ல சொல். கெட்டி என்றால் உறுதி. சொன்னதைத் தவறின்றிச் செய்பவன், தேர்வில் சறுக்காதவன், கொடுத்த கணக்கை வேளையோடு முடிப்பவன் ஆகியோரை நாம் அப்படி அழைக்கிறோம். ஆனால் மிஞ்சிய ஆற்றல் உள்ள பிள்ளை சொன்னதைச் செய்யாமலே இருக்கக்கூடும். பல வேளைகளில் அத்தகைய பிள்ளைக்கு நாம் வைக்கும் பெயர் ‘பிஞ்சிலே பழுத்தது’ என்பதே.

தமிழ்நாட்டு ஆசிரியர் பயிற்சி நூல்களில் வழங்கும் சொல் மீத்திறன். மீ என்றால் மேல், மிகுதி. ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்னும் 386-ஆம் குறளில் வருவது இந்த மீ-தான். இதன் பின் வல்லினம் இயல்பாகவும் நிற்கலாம், மிகவும் செய்யலாம் என்று நன்னூல் இடம் தருவதால், கப்பலோட்டியைக் குறிக்கும் மீகாமனில் ஒற்று மிகவில்லை, மீத்திறனில் மிகுந்தது. கணிதப் பாடத்தின் மீப்பெரு பொதுக் காரணியிலும் மீச்சிறு பொது மடங்கிலும் இதே மீ உண்டு; சிறுமையின் எல்லையையும் குறிப்பதால், இதற்கு ‘உயர்வு’ என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது, வழக்கமான அளவைத் தாண்டியது என்று கொள்வதே பொருந்தும். ‘மீத்திறன் மிக்க குழந்தை’ என்று எழுதினால் மிகுதி இருமுறை வந்துவிடுகிறது; மீத்திறன் உள்ள குழந்தை, மீத்திற மாணவர் என்பன போதும். இச்சொல்லில் நான் காணும் பெரிய நன்மை வேறு. கிஃப்டட் ஆளின் மேல் ஒட்டும் அடைமொழி; மீத்திறனோ ஒரு திறனின் பெயர். திறன் என்றதும் எதில் என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

அந்தக் கேள்வியின் அருமையை எனக்குக் கற்பித்தவன் எங்கள் தொடக்கப்பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன். அவனுடைய தந்தை செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஓட்டுநர். ஆலையில் லோரியைச் சுமையோடு ஒருமுறையும் குலையைக் கொட்டிய பின் ஒருமுறையும் எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பார்கள். விடுமுறையில் உடன் சென்ற பையன் சீட்டுகளின் நகல்களைச் சேர்த்து, வெற்று லோரியின் எடையை மட்டும் தனியே ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வந்திருக்கிறான். கோணல் மாணலான எண்கள். 3 என்னும் எண் பாதி இடங்களில் திரும்பி நின்றது. “சார், அதே லோரிதான். காலையில விட சாயங்காலம் நாப்பது கிலோ கொறையுது. எண்ணெ எரிஞ்சதுதானே?” என்றான். மழை பெய்த இரண்டு நாள்களில் மட்டும் எடை குறையாததற்குப் பக்கத்தில் ‘சேறு’ என்று எழுதியிருந்தான். அந்த ஆண்டு அவனுடைய மதிப்பீட்டு அறிக்கையில் வாய்பாட்டைப் பார்த்து எழுதுவதில்லை, கவனக்குறைவு என்று எழுதியவன் நான்தான்.

மலேசியப் பள்ளிகள் இத்தகைய பிள்ளைகளை அறவே மறந்துவிட்டன என்று சொல்ல முடியாது. 1996 முதல் 2000 வரை மூன்றாம் ஆண்டில் நடந்த பி.டி.எஸ். என்னும் முதற்கட்ட மதிப்பீட்டுத் தேர்வில் தேறியவர்கள் நான்காம் ஆண்டைத் தாண்டி நேரே ஐந்தாம் ஆண்டுக்குப் போகலாம் என்றிருந்தது. 2009-இல் பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் பெர்மாத்தா பிந்தார் திட்டத்தைத் தொடங்கி, இணையத் தேர்வுகளால் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து விடுமுறை முகாம்களுக்கு அழைத்தது. அதன் இன்றைய பெயர் ஜீனியஸ் பிந்தார். வீட்டில் தமிழும் வெளியில் கலப்பு மலாயும் பேசி வளரும் தோட்டத்துப் பிள்ளை வேற்றுமொழித் தேர்வில் தடுக்கினால், தடுக்கியது மொழியா திறனா என்பதை ஆசிரியர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் வகுப்பறையில் செய்யத்தக்கது அதைவிட எளியது. எங்கள் பாடக் குறிப்பேட்டில் குறைநீக்கலுக்கு ஒரு கட்டமும் வளப்படுத்தலுக்கு ஒரு கட்டமும் உண்டு. முதற்கட்டத்தை அக்கறையோடு நிரப்புவோம். இரண்டாவதில் ‘கூடுதல் பயிற்சி’ என்று எழுதி நகர்ந்துவிடுவோம். பத்துக் கணக்கைச் சடுதியில் முடித்தவனுக்கு இன்னும் பத்துக் கணக்கைக் கொடுப்பது வேகத்துக்குத் தண்டனை விதிப்பதே ஆகும். அடுத்த முறை அவன் மெதுவாகப் போடக் கற்றுக்கொள்வான். தெரிந்த பகுதியை ஐந்து கணக்கில் சோதித்து விடுவித்து, மிஞ்சும் நேரத்தில் லோரிச் சீட்டைப் போல் அவனே தேடிக்கொண்ட ஒன்றைத் தொடரவிடுவதே வளப்படுத்தல்.

வீட்டில் பெற்றோரைக் குழப்புவது வளர்ச்சியின் ஏற்றத்தாழ்வு. எண்களில் பத்து வயதுக்காரனாக இருப்பவன் கையெழுத்தில் ஏழு வயதிலும், தம்பியிடம் விளையாட்டில் தோற்றால் அழுவதில் ஐந்து வயதிலும் இருக்கலாம். “இவ்வளவு தெரிஞ்ச பிள்ள இதுக்குப் போய் அழுறானே, சார்” என்று அவனுடைய தாய் என்னிடம் வருந்தினார். இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை என்றேன். எழுத்தை வாசிக்கத் திணறும் பிள்ளைக்கும் வேறொரு துறையில் மீத்திறன் இருக்கலாம்; திணறல் திறனை மறைக்கும், திறன் திணறலை மறைக்கும், இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்குச் சராசரிப் பிள்ளையே தெரியும். கோயில் திருவிழாவில் உறவினர் நடுவே நிறுத்திப் பெருக்கல் கணக்குக் கேட்பதை மட்டும் விட்டுவிடும்படி அந்தத் தாயிடம் கேட்டுக்கொண்டேன். ஆலைச் சீட்டுகளை எறிய வேண்டாம் என்று தந்தையிடமும் சொன்னேன்.

ஆகவே ‘இவன் மீத்திறக் குழந்தை’ என்று நிறுத்துவது சொல்லை அரைகுறையாகப் பயன்படுத்துவதாகும். மறு ஆண்டு அறிக்கையில் நான் எழுதிய வரி இது: ‘அளவைகளை ஒப்பிட்டுக் காரணம் காண்பதில் மீத்திறன், கையெழுத்தில் வயதுக்குரிய நிலை, வாய்பாட்டை இன்னும் பார்த்து எழுதுவதில்லை, தேவையும் இல்லை.’