பழகிய சொல்தான் திரும்பும்: பக்கவாதத்துக்குப் பிந்தைய பேச்சுப் பயிற்சி

பக்கவாதம் வந்து தேறிய பெரியவரிடம் ஓலைக் கொட்டானைக் காட்டி, இது என்ன என்று கேட்கிறோம். "அதான்... உள்ள போட்டு வைப்பமே" என்று கையால் காட்டுகிறார், பேர் வரவில்லை. பக்கத்தில் நிற்கும் மகள் பொறுக்க முடியாமல் "கொட்டான், அப்பச்சி, கொட்டான்!" என்கிறார். அவரும் "கொட்டான்" என்று திருப்பிச் சொல்லிவிடுகிறார். அடுத்த நாள் மறுபடி பேர் வராது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. இதற்குக் காரணம் பெரியவரின் மறதி அல்ல, பயிற்சி கொடுத்த விதம்.

ஒரு பொருளுக்குப் பேர் சொல்ல, மூளை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பல வேலைகளை முடிக்கிறது. கண்டதை இன்னதென்று அறிகிறது, அதன் பொருளை எழுப்புகிறது, அதற்குரிய சொல்லின் ஒலியுருவைத் தேடி எடுக்கிறது, ஒலிகளை வரிசையாக்குகிறது, நாக்குக்கும் உதட்டுக்கும் குரல்வளைக்கும் ஆணை அனுப்புகிறது. எங்கே அறுந்தது என்பதைத் தப்பின் சாயலே ஓரளவு காட்டிக்கொடுக்கும். இட்லியைத் தோசை என்றால் கோளாறு பெரும்பாலும் பொருளிலிருந்து சொல்லுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பணியாரம் 'பணிராயம்' ஆனால் ஒலிவரிசையில் சிக்கல். ஒரே சொல் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி உடைகிறது, உதடு இடம் தேடித் தடுமாறுகிறது, ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னால் சரளமாக வருகிறது என்றால் அது, பேச்சுக்கான வாயசைவுகளை மூளை திட்டமிடுவதில் வரும் கோளாறான ஆப்ராக்சியாவாக இருக்கலாம். எல்லாச் சொல்லும் ஒரே சீராகக் குழறி, எழுதச் சொன்னால் மட்டும் பிழையில்லாமல் எழுதினால் தசைக் கட்டுப்பாட்டில் குறை. அதை டிஸ்ஆர்த்ரியா என்பார்கள். அதற்கான பயிற்சி வேறு. அவர் தண்ணீர் குடிக்கும்போது இருமினால் பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டும்.

இங்கே பேசுவது சொல் கிடைக்காமல் போகும் அஃபேசியாவைப் பற்றி. பிரிட்டனில் 278 பேரை வைத்து நடத்தி 2019-இல் வெளியிட்ட 'பிக் காக்டஸ்' ஆய்வு இதில் முக்கியமானது. அவர்களில் ஒரு பிரிவினர் தமக்கு வேண்டிய 100 சொற்களைத் தேர்ந்தெடுத்து, வீட்டிலேயே கணினியில் 6 மாதம் பழகினார்கள். அந்தச் சொற்கள் நன்றாகவே திரும்பின. சாதாரண உரையாடல் மட்டும் அளக்கும்படி மேம்படவில்லை. இடது கையால் தட்டிக்கொண்டு சிறு தொடர்களை இராகமாக இழுத்துச் சொல்லவைக்கும் மெலடிக் இன்டொனேஷன் முறையிலும், பக்கவாதம் வந்து வெகுநாள் ஆனவர்களிடம் இதே கதைதான்: பழகிய தொடர் வரும், பழகாதது அவ்வளவாக வராது.

ஆகவே எந்தச் சொல்லைப் பழக்குவது என்பது சிகிச்சையின் பாதி. வெளிநாட்டில் பெயர்பெற்ற பாஸ்டன் பெயரிடும் தேர்வில் இக்லூ, பீவர், ப்ரெட்செல் படங்கள் வரும். செட்டிநாட்டில் எந்த ஆச்சிக்கும் அவை தேவைப்படாது. பட்டியலை வீட்டிலிருந்து எடுங்கள்: பேரப்பிள்ளைகளின் பேர், மாத்திரை, கண்ணாடி, முகப்பு, பட்டாலை, கும்மாயம், வெள்ளைப்பணியாரம். தொடக்கத்தில் 20 சொல் போதும். படத்தைவிடப் பொருளே கையில் இருப்பது நல்லது.

பழக்கும் முறை இது. பொருளைக் காட்டிவிட்டுப் பத்து நொடி சும்மா இருங்கள். இதுதான் வீட்டாருக்கு ஆகக் கடினமான வேலை. வராவிட்டால் பொருளைச் சுற்றிக் கேளுங்கள்: இது எந்த வகைச் சாமான், எதனால் முடைந்தது, எதற்கு, எங்கே இருக்கும், எதோடு சேரும்? பனையோலை, சாமான் போட, உள்வீட்டில் என்று ஒவ்வொன்றாக வரும்போது அந்தச் சொல்லோடு தொடர்புள்ள நினைவுகள் எழுந்து, சொல்லும் அகப்பட வாய்ப்பு கூடுகிறது. அப்போதும் வராவிட்டால் முடிக்காத வாக்கியம்: "பனையோலையில முடைஞ்ச..." பிறகு முதல் எழுத்து 'கொ', வாயால் சொல்லியும் தாளில் எழுதியும். கடைசியில்தான் முழுச் சொல். வந்தபின் மூன்று நான்கு தடவை சொல்லவைத்து, வேறு இரண்டு பொருள்களைக் காட்டிவிட்டு மறுபடி இதையே கேளுங்கள். தானே தேடி எடுப்பதில் வரும் பலன், கேட்டதைத் திருப்பிச் சொல்வதில் வராது. மகள் முந்திச் சொன்னது ஒட்டாமல் போனதும் இதனால்தான்.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தனியாகப் 'பணியாரம்' என்று சொல்லப் பழகியவருக்கு, பேச்சில் தேவைப்படுவது 'பணியாரத்தை', 'பணியாரத்துக்கு'. வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் உருவமே மாறுகிறது. உருபுகளை விட்டுவிடும் நோயாளிக்கு இது இரட்டைச் சுமை. எனவே சொல் கிடைத்த இரண்டாம் வாரமே "பணியாரத்தை எடு", "கொட்டான்ல வை" என்று சிறு ஏவல்களாகப் பழக்குவது நல்லது. அவர் சொல்ல, மற்றவர் செய்ய வேண்டும். இராகமாகப் பழக்கினாலும் அசைக்கு ஒரு தட்டு என்று எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் இழுத்துவிடக் கூடாது. குறிலும் நெடிலும் ஒன்றானால் கல்லும் காலும், மலையும் மாலையும் ஒன்றாகிவிடும்.

மலேயா, பர்மா போய் வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்குத் தமிழுக்கு முன்னால் மலாய்ச் சொல் எட்டிப் பார்க்கலாம். பன்மொழியாளர்களில் பெரும்பாலோருக்கு மொழிகள் சேர்ந்தே திரும்பினாலும், சிலருக்கு ஒன்று முந்தும். அதட்டாமல் அதை ஏற்று, தமிழ்ச் சொல்லுக்குப் பாலமாக்குங்கள்.

எவ்வளவு நேரம்? பக்கவாதம் வந்து 6 மாதம் கடந்த 158 பேரிடம் ஜெர்மனியில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் 3 வாரம் சிகிச்சை கொடுத்தபோது பேச்சு மேம்பட்டது. 'ஆறு மாதம் போனால் அவ்வளவுதான்' என்ற பேச்சுக்கு அது நேர்ப் பதில். மாறாக, முதல் நாட்களிலேயே கடுமையாகப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில் வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. வாரம் 10 மணி நேரத்துக்காகக் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு அலைவது நடக்காத காரியம். திட்டத்தைப் பேச்சு சிகிச்சையாளர் வகுக்க, பாதி நேரம் காணொளி அழைப்பிலும் மீதி வீட்டாரிடமும் நடக்கலாம். ஒரு அமர்வு அரை மணி போதும். களைத்த மூளையில் தப்புகள் பெருகும்.

பலன் இருக்கிறதா என்று அறிய, பழக்காத 10 சொற்களை ஒதுக்கி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எந்த உதவியும் இல்லாமல் 30 சொல்லையும் கேட்டுக் குறியுங்கள். பழக்கியது மட்டும் ஏறினால் அது பயிற்சியின் வேலை. அடுத்த தொகுதிக்குப் போகலாம். இரண்டும் ஏறினால் இயற்கையாகத் தேறுவதும் சேர்ந்திருக்கலாம். நாலு வாரமாகியும் எதுவும் ஏறாவிட்டால் தேர்ந்தெடுத்த முறையே தவறாக இருக்கலாம். அப்போது கோளாறு எந்தக் கட்டத்தில் என்பதைச் சிகிச்சையாளர் மறுபடி சோதிக்க வேண்டும், கூடவே மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்று தடவை தொடர்ந்து சரியாக வந்த சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாமல், வாரம் ஒருமுறை கேட்டு வாருங்கள்.