குழந்தையைக் காட்ட வந்த அம்மாவிடம் முதலில் கேட்பது

"மேடம், இவன் ரொம்ப வாசி பிடிக்கான். சொன்னா கேக்க மாட்டக்கான். அடிச்சாலும் பயமில்ல."

கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மா நாற்காலியில் உட்காரும் முன்பே இவ்வளவையும் சொல்லிவிட்டார். வாசி என்றால் அடம். பையனுக்கு நான்கு வயது. அம்மாவின் இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை. பையன் தங்கச்சியைக் கடிக்கிறான், தடுக்கப் போனால் காலால் சவட்டுகிறான், நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வந்துவிட்டது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"நேத்து ராத்திரி நீங்க எத்தன மணிக்குப் படுத்தீங்க?" என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினார். பன்னிரண்டு மணிக்குப் படுக்கை. ஒன்றரைக்குப் பிள்ளைக்குப் பால், மூன்றரைக்கு மறுபடியும். நாலே முக்காலுக்கு, ஒரு பக்கம் வராமல் கிடக்கும் மாமியாரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். கணவர் துபாயில். இது எத்தனை மாதமாக என்று கேட்டதற்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை.

சிறு குழந்தையின் அடம், கடி, பயம் என்று யார் வந்தாலும் அம்மாவின் தூக்கத்தை நான் முதலில் கேட்பது இதனால்தான். குற்றம் கண்டுபிடிக்க அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "அம்மா மனசு சரியில்லன்னா பிள்ள இப்படித்தான்" என்று ஊர் சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஆட்டிசமோ, கவனம் நிற்காமல் அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் ஏடிஎச்டியோ அம்மாவின் மனஅழுத்தத்தால் வருவதில்லை. ஆனால் ஒரு குழந்தை தன் கோபத்தையும் பயத்தையும் அடக்கிக்கொள்ளப் பழகுவது பக்கத்தில் இருக்கும் பெரியவரின் நிதானத்தைப் பிடித்துக்கொண்டுதான். அந்தப் பெரியவர் களைத்துக் கிடந்தால் குழந்தை எதைப் பிடிக்கும்?

வளர்ப்பு அழுத்தத்தை அளக்க ரிச்சர்ட் அபிடின் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய கேள்வித்தாள் ஒன்று உண்டு. அதன் சுருக்க வடிவில் 36 கேள்விகள். அம்மாவின் சொந்தச் சுமை, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் இடையிலான உறவு, 'இந்தப் பிள்ளையைச் சமாளிப்பது கஷ்டம்' என்ற எண்ணம் என மூன்றையும் அது தனித்தனியே பார்க்கிறது. குழந்தையின் நடத்தையையும் உணர்வுகளையும் பார்க்க, பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்ட 25 கேள்விகள் உண்டு. இதை அம்மாவிடம் மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. அங்கன்வாடி டீச்சரிடமும் கேட்டேன். "பாயைச் சுருட்டி வைக்க அவன்தான் முதல்ல வருவான்" என்றார் டீச்சர். அம்மா சொன்னது பொய்யா? இல்லை. காலை பதினொரு மணிக்கு டீச்சர் பார்ப்பதும் இரவு எட்டரைக்கு அம்மா பார்ப்பதும் இரண்டு வேறு பிள்ளைகள். கூடவே, களைத்த கண்ணுக்குச் சின்ன அடமும் பெரிதாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் சிக்கல் எங்கே இருக்கிறது என்று பிடிபடும்.

அங்கே இருந்தது ஒரு சுழல். பையன் போன் கேட்கிறான், அம்மா மறுக்கிறார். அவன் அலறுகிறான், தூங்கும் கைக்குழந்தை விழித்துவிடுமே என்று கொடுத்துவிடுகிறார். அலறினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். இன்னொரு நாள் அம்மா ஓங்கி அடிக்கிறார், அவன் ஒரு நிமிடம் அடங்குகிறான். அடித்தால் அடங்கும் என்று அம்மா கற்றுக்கொள்கிறார். ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டே போகிறார்கள். ஜெரால்டு பேட்டர்சன் என்ற ஆய்வாளர் குடும்பங்களை வருடக்கணக்கில் கவனித்து விளக்கியது இந்தச் சுழலைத்தான்.

எந்த நேரத்தில் அதிகம் கடிக்கிறான் என்று ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். எல்லாம் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். துபாயில் ஏழரை ஆகும்போது, இங்கே ஒன்பதுக்கு, கணவரின் வீடியோ கால் வரும். வந்ததும் முதல் கேள்வி, "அவன் இன்னைக்கு என்ன செய்தான்? நீ வீட்ல என்னத்தப் பாக்க?" அந்தக் காலுக்கு முந்தைய அரைமணி நேரம் அம்மாவின் கையும் குரலும் மாறிவிடுகின்றன. பையனுக்கு மணி பார்க்கத் தெரியாது, அம்மாவைப் பார்க்கத் தெரியும்.

கடலோர ஊர் ஒன்றிலும் இதையே பார்த்தேன். காற்று இரைந்தால் அம்மாவின் சேலையை விடாத ஐந்து வயதுச் சிறுமி. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது அவள் பிறக்கவே இல்லை. அம்மாவின் அண்ணன் அந்தப் புயலில் திரும்பி வராதவர்களில் ஒருவர். காற்று மாறினால் அம்மா எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்துவார். மகள் பின்னாலேயே போவாள். இப்படி ஒட்டிக்கொள்ளும், அடிக்கடி வயிறு வலிக்கிறது என்னும், பேச்சைக் குறைத்துக்கொள்ளும் பிள்ளைகளை நம் வீடுகளில் 'நல்ல பிள்ளை' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கடிக்கிற பிள்ளையை விட இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

அம்மாவுக்கு எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், சாவைப் பற்றியோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ எண்ணம் வந்தால், காத்திருக்க வேண்டாம். நாகர்கோவில் அசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைக்குப் பேச்சு தாமதம், கூப்பிட்டால் திரும்பாமை, கற்றதை மறப்பது போன்றவை இருந்தால் அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். அம்மா தூங்கினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது.

கருங்கல் வீட்டில் முதலில் மாற்றியது அம்மாவின் ராத்திரியை. வாரத்தில் மூன்று இரவு மாமியாரைக் கவனிக்க நாத்தனார் வந்தார். கணவரிடம் நானே போனில் பேசினேன். பிள்ளையைப் பற்றிக் கேட்கும் முன் மனைவியிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள் என்றேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. அங்கே எட்டுப் பேர் இருக்கும் அறையில் அவருக்கும் யாரும் அதைக் கேட்பதில்லை என்று பிறகுதான் சொன்னார். சாயங்காலம் பதினைந்து நிமிடம், கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்கா வைத்துக்கொள்ள, அம்மாவும் பையனும் தரையில் உட்கார்ந்து அவன் சொல்லும் விளையாட்டை விளையாட வேண்டும். திருத்தம் இல்லை, பாடம் இல்லை, போன் இல்லை. கேட்டதை மறுத்தால் மறுத்ததுதான், ஆனால் அடி கிடையாது.

முதல் பத்து நாள் அலறல் கூடியது. அது கூடும் என்று முன்பே சொல்லியிருந்தேன், இல்லாவிட்டால் விட்டிருப்பார். மூன்றாம் மாதம் வந்தபோது படுக்கை நனைப்பு இன்னும் முழுதாக நிற்கவில்லை. கடி நின்றிருந்தது. என் அறையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கோபுரம் சரிந்ததும் திரும்பி அம்மாவைப் பார்த்தான். முன்பும் பார்ப்பான், பார்த்துவிட்டுக் கட்டையை எறிவான். இந்தத் தடவை அம்மா, "விளுந்துட்டா மக்களே?" என்றார். அவன் குனிந்து கட்டைகளைப் பொறுக்கினான்.