முதல் பீரியடில் தூங்கும் பையன்

"சோம்பேறி, படிப்பு ஏறல" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை என்னிடம் அனுப்பினார்கள். மும்பை தாராவியில் மாநகராட்சிப் பள்ளிகளின் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். யாரையாவது சோம்பேறி என்றால் மார்க்கைப் பார்க்கும் முன் ஒன்று கேட்பேன்.

"காலையில எத்தன மணிக்கு எந்திரிச்ச?"

"மூணரைக்கு மிஸ்."

வீட்டில் இட்லி வியாபாரம். அம்மா ஈடு எடுக்க எடுக்க இவன் ஆறவைத்து அடுக்க வேண்டும். அப்பா பாத்திரத்தோடு லோக்கல் ரயில் பிடிக்கக் கிளம்பியதும் தண்ணீர் பிடிப்பது, தட்டு கழுவுவது, அப்புறம் ஏழு மணிப் பள்ளி. ராத்திரி படுக்கப் பதினொன்று. இந்த வயதுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். இவனுக்கு வாய்ப்பது நாலரை.

"சாப்பிட்டியா?"

"சாய் குடிச்சேன்."

வீடு முழுக்க இட்லி வேகிறது, பிள்ளைக்கு வெறும் சாய்! கேட்டால், "எண்ணி வச்சது மிஸ், ஒண்ணு எடுத்தா கணக்கு இடிக்கும்" என்கிறான். 6 முதல் 12 வரை படிப்பவர்களுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்று இவன் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். சாயோடு விழுங்கினாலும் பலன் குறைவு, இரும்பு உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னேன்.

"எட்டாவது வரைக்கும்தான் ஃபெயில் கிடையாதே" என்றார் அம்மா. அந்தக் காலம் போய்விட்டது. கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தப்படி 5, 8 வகுப்புகளில் தேர்வு உண்டு. தேறாதவர்களுக்கு 2 மாதத்துக்குள் மறுதேர்வு. அதிலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்தலாம். முடிவு மாநிலத்தின் கையில். மகாராஷ்டிரமும் இந்த வழிக்கு வந்துவிட்டது. குடும்பத் தொழிலில் பிள்ளை கைகொடுக்கவும் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் இடம் தருகிறது. ஆனால் பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் மட்டும், அதுவும் ஆபத்தில்லாத வேலையாக இருந்தால்.

சட்டம் பேசி அடுப்பை அணைக்க முடியாது. வியாபாரத்தை விடச் சொல்ல நான் யார்? சரி என்று அம்மா, அப்பா, நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். தட்டு, துணி எல்லாம் ராத்திரியே எடுத்து வைப்பது, அடுக்குவதை அப்பா பார்த்துக்கொள்வது, பையன் ஒன்பதரைக்குப் படுத்து ஆறு வரை தூங்குவது, கணக்கில் சேராமல் மூன்று இட்லி. ஒன்பது மணி நேரம் இன்னும் வரவில்லைதான்.

கணக்குப் பாடத்தில் இப்போதும் சிவப்பு மார்க்தான். ஆனால் போன வாரம் டீச்சரிடமிருந்து வேறு புகார் வந்தது: முதல் பீரியட் முழுக்கப் பக்கத்துப் பையனோடு பேச்சாம்.